ரொட்டி அண்ணன் வீட்டு இறால்கள்

காலையில் நான் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது, அது இடுப்பு உயரம் வருவதற்குள் குனிந்து உள்ளே நுழைந்துவிடுகிற ஒரே வாடிக்கையாளர் ரொட்டி அண்ணன்தான். "பொறுங்க அண்ணே, விளக்காவது போட்டுக்கறேன்" என்று கத்துவேன். காதில் வாங்க மாட்டார். இருட்டில் எதன்மேலும் இடித்துக்கொள்ளாமல் மீன் தொட்டிகளுக்கு நடுவே நடந்துபோய், கடைசி வரிசையில் இருக்கும் இறால் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கடை முழுக்கப் புது ரொட்டி வாசனை அடிக்கும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்க ஆரம்பித்துவிடுவார்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரொட்டித் தொழிற்சாலையில் நிரந்தர ராத்திரி ஷிஃப்ட். மாவு பிசைகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது அங்கிருக்கும் பெரிய அடுப்புக்கு அவர்தான் பொறுப்பு. இரண்டு முன்கைகளிலும் சூடான தட்டுகள் இழுத்துவிட்ட தழும்புகள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே காலம் தள்ளியவர் என்பதால், அவர் ரகசியம் பேசினால் பக்கத்துச் சாவிக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் என் கடை. வீட்டுக்குப் போய் ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

என் கடை சாவிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி நீளமாகக் கிடக்கும். வண்ண மீன், தண்ணீரில் வளர்கிற செடி, பம்பு, பைப்பு எல்லாம் விற்கிறேன். ஆனால் என் உயிர் இருப்பது அந்தக் கடைசித் தொட்டியில். அதில் நன்னீர் இறால்களை வளர்க்கிறேன். முழுதாக வளர்ந்தாலே விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நல்ல சிவப்பு. "இதைப் பொரிச்சு சாப்பிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு வாசலைக் காட்டிவிடுவேன். நாள் முழுக்கச் செடியையும் கண்ணாடியையும் சுரண்டிச் சுரண்டி எதையோ வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மனுஷனுக்குக் கோபம் தணியும். எனக்கே தணிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொட்டி அண்ணன் முதல் தடவை வந்ததே ஒரு புகாரோடுதான். வீட்டில் செடி வைத்த கண்ணாடித் தொட்டி இருக்கிறதாம், அதில் இறால் இருக்கிறதாம், ஒன்று செத்துவிட்டதாம்.

"நீங்க வாங்கினதா அண்ணே?"

"இல்ல தம்பி, வீட்டுக்காரிக்கு ஆசை. அவதான் எங்கயோ வாங்கிட்டு வந்து வெச்சா. 'இதுக்கு நாம ஒண்ணும் செய்ய வேண்டாங்க, அதுவே எதையாவது தின்னுக்கும்'னு சொல்றா. விவரம் தெரியாதவ, பாவம். வேலைக்குப் போறவளுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரம் ஏது? நான்தான் அவளுக்குத் தெரியாம பாத்துக்கறேன். செத்ததைக்கூட அவ கண்ணுல படறதுக்குள்ள எடுத்துட்டேன். பாத்தான்னா மனசு உடைஞ்சிடுவா."

அதே வாரம், தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில் சலவை அக்கா வந்தார். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பகல் வேலை. விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். பேச்சில் சிக்கனம், நடையில் வேகம். தொட்டி, செடி, இறால் எல்லாவற்றையும் என்னிடம்தான் வாங்கினார் என்பதால் தெரிந்த முகம்.

"ஒண்ணு செத்துப்போச்சுப்பா" என்றார்.

"ரொம்பக் கவலைப்படறீங்களே அக்கா. உங்களுக்கு அவ்ளோ ஆசையா?"

"எனக்கென்ன ஆசை? வீட்டுக்காரருக்காக வாங்கினது. அவர் தனியா இருக்கற நேரத்துல வீட்ல உயிரோட ஏதாவது அசையட்டுமேன்னு வெச்சேன். இப்ப அவருக்கு அதுதான் உலகம். சும்மா சும்மா முன்னால போய் நிக்கறார். உடம்பு அலுத்து வர்ற மனுஷன், இதுல வேற வேலை வைக்கக் கூடாதுன்னு, 'அதுவே தின்னுக்கும்'னு சொல்லி வெச்சிருக்கேன். பாத்துக்கறதெல்லாம் நான்தான். செத்தது அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாதே."

இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே தொட்டி. எனக்கு இது தெரியவந்தது ரொம்பக் கழித்துத்தான். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், முட்டாளாக நான் ஒருவன் இருந்தது போதும். ஆனால் நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ஒரு தொட்டி பெண்டாட்டி ஆசைப்பட்டது, இன்னொரு தொட்டி புருஷன் ஆசைப்பட்டது. ஒருவர் காலையில் வருகிறார், இன்னொருவர் இருட்டிய பிறகு வருகிறார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க நான் என்ன ஜோசியக்காரனா?

இரண்டு பேரிடமும் விசாரித்தேன். இரண்டு பேருமே செத்த இறாலின் கழுத்துப் பக்கம் ஒரு வெள்ளை வளையம் இருந்ததாகச் சொன்னார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். இறால் வளர வளரச் சட்டை கழற்றும். பழைய ஓடு முதுகுப் பக்கம் பிளந்துகொள்ளும், ஒரே துள்ளலில் இறால் வெளியே வந்துவிடும். தண்ணீரில் சத்து குறைந்தாலும் கூடினாலும், தண்ணீர் திடீர் திடீரென்று மாறினாலும் ஓடு சரியாகப் பிளக்காமல் மாட்டிக்கொள்ளும். இறுக்கமான சட்டையைத் தலை வழியாகக் கழற்றும்போது பாதியில் சிக்கிக்கொண்டு திணறுகிற குழந்தையைப் பார்த்திருப்பீர்கள், அதே கதிதான். குழந்தைக்கு அம்மா வந்து இழுத்துவிடுவாள், இறாலுக்கு யாரும் வர மாட்டார்கள்.

எனவே இருவருக்கும் ஒரே வைத்தியம் சொன்னேன். வாரத்துக்கு ஒரு தடவை சின்ன பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், அதில் இந்த மினரல் பொடியை ஒரு சிட்டிகை கலந்துகொள்ளுங்கள், தீனி கொஞ்சமாகப் போடுங்கள். நல்ல வைத்தியம்தான். இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இரண்டு பேரும் என் பேச்சைத் தட்டாமல், அச்சுப் பிசகாமல் செய்தார்கள். அண்ணன் பொடி டப்பாவைத் தன் வேலைப் பையில் ஒளித்துவைத்துக்கொண்டார். அக்கா தன்னுடையதைத் துவைக்கிற சோப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டார். அந்தத் தொட்டியில் எல்லாமே இரட்டையாக நடந்தது.

இறால்கள் மேலும் செத்தன. நானும் சளைக்கவில்லை. அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போதே தொட்டித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துவைத்துக் காலையில் கொண்டுவந்தார், பரிசோதித்தால் சத்து எக்கச்சக்கம். "அண்ணே, கை தாராளமா? பொடியைப் பாதியாக்குங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து அக்கா பிடித்து வந்த தண்ணீரிலும் அதே கதை. "அக்கா, பொடியைப் பாதியாக்குங்க." நான் பாதி என்று சொன்னால் அங்கே முழுசு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக நூல் புழு ஊர்கிறது என்றார் அண்ணன். தின்னாமல் கிடக்கிற தீனி அழுகினால் அது வரும். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க" என்றேன். அக்காவுக்கும் அதையே சொன்னேன். அவர் போடாத நாளில் இவர் போட்டார்.

அதற்கப்புறம் நான் துப்பறிய ஆரம்பித்தேன். ரொட்டி அண்ணனிடம், "கையில மாவு, ஈஸ்ட்டு எல்லாம் ஒட்டியிருக்கும்போதே தொட்டிக்குள்ள கைய விடறீங்க, அதான்" என்று தீர்ப்புச் சொன்னேன். சலவை அக்காவிடம், "சலவை மருந்து விரல்ல ஊறிப்போய் இருக்கு, அதான்" என்றேன். இரண்டு பேரும் குற்றவாளிகள் மாதிரி தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். போதாததற்கு ஒருவருக்கு ஒருவரை உதாரணம் வேறு காட்டினேன். "உங்களை மாதிரியே ஒரு அக்கா வர்றாங்க அண்ணே, ஊட்டி ஊட்டியே கொல்றாங்க." அண்ணன் சிரித்து, "அவங்க வீட்டுக்காரர் பாவம்" என்றார்.

அவர் சிரிப்பதை நிறுத்தியது ஒரு மழைநாள் காலையில். தெருவெல்லாம் தண்ணீர், வேறு ஆட்கள் வருவதற்கில்லை. நான் பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தொட்டியைப் பார்த்தபடியே, அவர் அளவுக்கு மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு தம்பி. அவ சின்னதா இருக்கும்போது, யாராவது ஒருத்தர் எப்பவும் வீட்ல இருக்கணும்னு, நான் ராத்திரி ஷிஃப்ட் வாங்கிக்கிட்டேன், அவ பகல்ல போனா. அப்போ பேசறதுக்கு நெறைய இருந்துச்சு. பொண்ணு சாப்பிட்டாளா, படிச்சாளா, காய்ச்சல் விட்டுச்சா. இப்போ அது கல்யாணம் ஆகித் தூரமாப் போயிடுச்சு. ஷிஃப்ட் மட்டும் அப்படியே தங்கிப்போச்சு. காலைல நான் வர்றதுக்குள்ள அவ கிளம்பிடறா. சாயங்காலம் அவ வந்ததும் நான் கிளம்பணும். நடுவுல அரை மணி நேரம் இருந்தா அதிகம். வாரத்துல ஒரு நாள் எனக்கு லீவு, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது எனக்கு. அவ தூங்கறா, நான் சமையல்கட்டுல உக்காந்திருக்கேன்."

"சண்டையா அண்ணே?"

"சண்டை போடக்கூட ஒண்ணும் இல்லப்பா. அந்த அரை மணி நேரத்துல ரெண்டு பேரும் டீயைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்போம். அப்பதான் இந்தத் தொட்டி வந்துச்சு. 'இன்னைக்கு எப்படி இருக்கு?'ன்னு நான் கேப்பேன். 'நல்லா இருக்குங்க, பெரிசு ஒண்ணு இலை மேல உக்காந்திருந்துச்சு'ம்பா. அவ கேட்டா நான் சொல்லுவேன். அவ்ளோதான் பேச்சு. ஆனா பேசறோம்ல? இதுங்களும் செத்துட்டா அப்புறம் நாங்க என்னத்தைப் பேசறது?"

எனக்கு இப்படிப்பட்ட நேரத்தில் கோபம்தான் வரும். "அதெல்லாம் சாகாது, நான் எதுக்கு இருக்கேன்?" என்று அதட்டினேன். அன்றைக்கு என் தொட்டியிலிருந்தே, அங்கே ஊறிய இலை ஒன்றையும் கொஞ்சம் பாசிச் செடியையும் எடுத்துக் கொடுத்தேன். பொதுவாக நான் என் தொட்டியில் யாரையும் கை வைக்க விடுவதில்லை.

அடுத்த சில நாளில் ஒரு நல்ல சேதி வந்தது. பெண் இறால் ஒன்று முட்டை போட்டிருக்கிறதாம். வயிற்றுக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகக் கடுகைவிடச் சின்னதாக முட்டைகள், அதை அது காலால் விசிறிக்கொண்டே இருக்கிறதாம். அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார். சாயங்காலம் அக்காவும் வந்து சொன்னார். 'பரவாயில்லை, என் வைத்தியம் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது' என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. புதுத் தண்ணீர் அடிக்கடி பட்டால் இறால் அவசரப்பட்டுச் சட்டையைக் கழற்றிவிடும். கழற்றிய சட்டையோடு முட்டையும் போய்விடும். அண்ணன் வந்து அதைச் சொன்னபோது முகத்தில் ஈயாடவில்லை. இவளுக்கு அப்புறம் முட்டை போட்ட இன்னொருத்தி, அந்த ஒரே முட்டைக்காரிதான் பாக்கி என்றார்.

அந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று, மறுபடியும் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு அவர் வந்திருந்த காலை அது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பாட்டில் மேஜைமேல் இருந்தது. நான் அதில் மருந்துச் சொட்டை எண்ணி விட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. சலவை அக்கா. காலையில் அவர் வந்ததே இல்லை. கையில் அவரும் ஒரு பாட்டில் வைத்திருந்தார்.

எனக்கு ஒரே குஷி. கை கழுவிக்கொண்டு எழுந்தேன்.

"வாங்கக்கா! சரியான நேரத்துக்கு வந்தீங்க. நான் சொல்லிட்டே இருப்பேனே, உங்களை மாதிரியே இறாலைக் கொஞ்சிக் கொஞ்சிச் சாகடிக்கற அண்ணன்னு, இவர்தான். அண்ணே, நான் சொன்ன சலவை அக்கா இவங்கதான். ரெண்டு பேரும் பேசிக்குங்க, அப்பதான் உருப்படுவீங்க."

அண்ணன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து பாதியிலேயே நின்றார். அக்கா பேந்தப் பேந்த விழித்தார்.

"நீ எங்க இங்க?" என்றார் அண்ணன்.

"நீங்க எங்கங்க இங்க? வீட்ல தூங்கிட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"வேலைக்குப் போகலையா?"

"பாய்லர் கெட்டுப்போச்சு, எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டேன். இதைவிடப் புத்திசாலித்தனமான கேள்வி எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"என் வீட்டுக்காரர்ப்பா" என்றார் அக்கா.

சாவிக் கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அவரை அண்ணே என்றும் இவரை அக்கா என்றும் இத்தனை நாளாகக் கூப்பிட்டு வந்தவன் நான். முறைப்படி பார்த்தால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் முடிச்சுப் போட்டுவைத்த பாவம் என் தலையில். அன்றிலிருந்து அக்காவை அண்ணி என்று மாற்றிக்கொண்டேன்.

அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. வந்தால் நான் நிறுத்த மாட்டேன். "தண்ணி யார் மாத்தறது?" என்றேன். "நான்" என்றார்கள் இருவரும். "தீனி யார் போடறது?" "நான்." "பொடி?" அண்ணன் பையிலிருந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அண்ணி சோப்புக்குப் பின்னால் இருப்பதைச் சொன்னார். "பக்கெட்டு நனைஞ்சிருக்குமே, அதைப் பாத்தாவது சந்தேகம் வரலையா?" என்று அண்ணனைக் கேட்டேன். "நீ குளிச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்று அவர் என்னிடம் அல்ல, அண்ணியிடம் பதில் சொன்னார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பி, "எத்தனை எடுத்தீங்க?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்பது அண்ணனுக்குப் புரிந்தது. விரல்களைக் காட்டினார். அண்ணியும் தன் விரல்களைக் காட்டினார். அவர் எடுத்தது இவருக்குத் தெரியாது, இவர் எடுத்தது அவருக்குத் தெரியாது. மிச்சம் எல்லாம் செடிக்குள் ஒளிந்திருக்கின்றன என்றே இருவரும் நம்பியிருந்தார்கள். இப்போது சேர்த்துப் பார்த்தால் தொட்டியில் ஒரு கைப்பிடிகூட மிஞ்சாது.

"எங்க போட்டே?" என்றார் அண்ணன்.

"ஜன்னல் பூந்தொட்டியில பொதைச்சேன்."

"நானும் அதுலதான்."

"அதான் அந்தச் செடி அப்படிப் பூக்குதா?" என்று அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான் வாங்கினேன்."

"எனக்கா? உனக்குப் பிடிக்குமேன்னுதான் நான் பாத்துக்கிட்டேன்."

"அப்போ இறால் யாருக்குத்தான்யா பிடிக்கும்?" என்று நான் கத்தினேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இப்ப ரெண்டு பேருக்கும் பிடிக்கும்ப்பா" என்றார் அண்ணி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

பிறகு நான் கட்டளை போட்டேன். இரண்டு டப்பாவும் என்னிடம் வந்துவிட வேண்டும். தண்ணீரை மாற்றவே கூடாது, வற்றினால் வற்றிய அளவுக்குத் தேக்கிவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தீனி வாரத்துக்கு ஒரு துணுக்கு, அதுவும் அந்த அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து ஒரே கையாகப் போட வேண்டும். கண்ணாடியில் பச்சை படிந்தால் படியட்டும், இறாலுக்கு அதுதான் சாப்பாடு. செடியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. "வேற என்ன செய்யணும்?" என்றார் அண்ணன். "ஒண்ணும் செய்யக் கூடாது. உக்காந்து பாக்கணும், அவ்ளோதான்" என்றேன். அண்ணியின் முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரித் துணியில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் மறுபடி ஊறப்போடுகிறவர், கண்ணாடியில் பச்சையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதென்றால் லேசா? அண்ணனுக்கு அது பிடிபட்டது. "பொங்கற மாவு மாதிரிடி. கை வெச்சா அமுங்கிடும்" என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் ஒன்றாகத் தெருவில் நடந்துபோனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரங்கள் எனக்குத்தான் தண்டனை. அண்ணன் காலையில் வந்து புலம்புவார், அண்ணி சாயங்காலம் வந்து புலம்புவார். கண்ணாடியெல்லாம் பச்சையாம், பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதாம், லேசாகத் துடைத்துக்கொள்ளட்டுமா. முடியாது. நேற்று முட்டைக்காரியைக் காணவில்லையாம், செடியை மட்டும் கொஞ்சம் விலக்கிப் பார்க்கட்டுமா. கூடாது. அவர்கள் போன பிறகு நானே கவலைப்பட்டேன் என்பது வேறு விஷயம். நான் சொன்னது பலிக்காவிட்டால் அந்த அரை மணி நேரம் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்து, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட என் மனைவி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்கு முகம் தொங்கியிருந்தது.

ஒரு நாள் காலை அண்ணன் வந்து நின்றார். உட்காரவில்லை. "முட்டை இல்ல தம்பி. வயிறு வெறுமையா இருக்கு. நேத்து அவதான் பாத்தா. எங்கிட்ட மறைக்கல, உடனே சொல்லிட்டா."

"சட்டை கழட்டியிருக்கா? தொட்டிக்குள்ள ஓடு கிடக்குதா?"

"தேடிப் பாத்தோம். ஓடு எதுவும் இல்ல."

"அப்போ பொரிஞ்சிருக்கும் அண்ணே. இல்லன்னா உதிர்ந்திருக்கும். ரெண்டுல ஒண்ணு. பொரிஞ்சிருந்தாலும் தூசி அளவுதான் இருக்கும், பாசிக்குள்ள பூந்துக்கும். தேடாதீங்க, தேடினா நசுங்கிடும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் தினமும் வந்தார், தினமும் உதட்டைப் பிதுக்கினார். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணன் வேலைக்குப் போன பிறகு, அண்ணி தொட்டியில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்திருக்கிறார். கண்ணாடியில் படிந்த அந்த அசிங்கமான பச்சைமேல் ஏதோ நகர்ந்திருக்கிறது. எறும்பின் காலை ஒடித்து வைத்த அளவுதான். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தால், கொம்பு, வால், சுரண்டுகிற முன்னங்கால் எல்லாம் வைத்து ஒரு முழு இறால். அது மாதிரி அங்கே இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. அண்ணி கல்யாணமான நாள் முதல் ஒரு தடவைகூட ரொட்டித் தொழிற்சாலைக்கு போன் செய்ததில்லை. அங்கே வேலை நேரத்தில் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் அது கெட்ட சேதிதான் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குச் செய்துவிட்டார்.

மேஸ்திரி ஓடிவந்து அண்ணனை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். போனை எடுத்தால் அந்தப் பக்கம் அண்ணி, "குட்டிங்க! கண்ணாடி பூரா குட்டிங்க!" என்று கத்தினாராம். அண்ணன் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்து மேஸ்திரி, "யாருக்கு என்னய்யா ஆச்சு?" என்று உலுக்கியிருக்கிறார். "குழந்தைங்க பொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டார் அண்ணன். அவர் தாத்தா ஆகிவிட்டார், அதுவும் இரட்டைக் குழந்தைகள் என்று தொழிற்சாலை பூராவும் சேதி பரவி, விடியும்போது மேஸ்திரி ஒரு பெரிய கேக்கில் பெயரெழுத இடம் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்தக் கேக்கில் பாதி எனக்கு வந்தது. நானும் சாவிக் கடைக்காரரும் கூச்சமே இல்லாமல் தின்று தீர்த்தோம்.

குட்டிகள் பிழைத்தன. பச்சையைத் தின்று தின்று சிவந்தன. கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டுத் தொட்டி என் தொட்டியைவிடக் களையாகிவிட்டது என்று கேள்விப்பட்டு எனக்கு லேசாக வயிறு எரிந்தது. அதற்கப்புறம் அண்ணன் வருவது குறைந்தது. ஷட்டரை நானே முழுதாகத் தூக்கி, நானே விளக்குப் போட்டு, நானே உள்ளே போனேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு காலையில் வந்தார். தொட்டிப் பக்கம் போகவில்லை, கல்லாவுக்கு முன்னாலேயே நின்றார். சவரம் செய்து, சட்டையை மாற்றி, ஆள் பளிச்சென்று இருந்தார்.

"குட்டிங்க எப்படி இருக்கு அண்ணே?"

"இருக்கும்" என்றார்.

"இருக்கும்னா?"

"நேத்துப் பாக்கல தம்பி. முந்தாநாளும் பாக்கலன்னு நெனைக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம். "என்ன அண்ணே பேசறீங்க? உயிரைக் குடுத்துக் காப்பாத்தியிருக்கோம், பாக்கலன்னு சும்மா சொல்றீங்க! சாயங்காலம் அரை மணி நேரம் அது முன்னாலதானே உக்காந்திருக்கீங்க?"

"உக்காந்துதான் இருக்கோம்." தலையைச் சொறிந்தார். "முந்தாநாள் அவ ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. சின்ன வயசுல அவளுக்கு நல்லா நீச்சல் தெரியுமாம். பள்ளிக்கூடத்துல போட்டியில எல்லாம் ஜெயிச்சிருக்காளாம். எனக்கு இத்தனை வருஷமா இது தெரியாது தம்பி! ஏன்டி சொல்லலன்னா, 'நீங்க எங்க கேட்டீங்க?'ங்கறா. அதுல இருந்து பேச்சு எங்கெங்கயோ போச்சு. நான் அதைக் கேட்டுட்டே உக்காந்துட்டேன். வேலைக்கு லேட்டு. மேஸ்திரி வாசல்ல நிக்கறார், இவருக்கு என்ன ஆச்சுன்னு."

"நேத்து?"

"நேத்தும் லேட்டு."

பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். சூடு இன்னும் போகவில்லை.

"மேனேஜரைப் பாக்கத்தான் போயிட்டு இருக்கேன்" என்றார். "பகல் ஷிஃப்ட் குடுங்கன்னு கேக்கப் போறேன். அடுப்பு வேலை கிடைக்காது, பேக்கிங்ல போடுவாங்க. போடட்டும். அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பத்தல தம்பி."